குறைமாதப் பிரசவம்: முன்கூட்டியே தெரியுமா?

கேள்வி: என் மகளுக்கு முதல் குழந்தை 32-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. இப்போது 19 வாரம். இந்த முறையும் அப்படி ஆகுமா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ள முடியுமா, டாக்டர்?
- வாசகி, கடலூர் முதுநகர்

ரத்தத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்னும் வழியில்லை அம்மா. ஐபிபி4, எஸ்எச்பிஜி என்ற இரு புரதங்களின் விகிதத்தை 18-20 வாரத்தில் அளக்கும் சோதனை அமெரிக்காவில் இருக்கிறது. அதை நம்பி இங்கே சிகிச்சையை முடிவுசெய்வதில்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதம் கூடியிருந்தால் உடம்பில் எங்கோ அழற்சி என்று தெரியும், அவ்வளவுதான்.

மகளுக்கு இப்போது அவசியமானது கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இது துல்லியமாக வராது. பிறப்புறுப்பு வழியாக உள்ளே பார்க்கும் டிவிஎஸ் ஸ்கேன் வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலோ, ஸ்கேன் கருவியை அழுத்தினாலோ வாய் நீண்டு தெரியும், குறை மறைந்துபோகும். மூன்று முறை அளந்து, தெளிவாக வந்தவற்றில் குறைந்ததையே எடுக்க வேண்டும். முதல் பிரசவம் குறைமாதம் என்பதால் 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. 25 மி.மீ.க்குக் கீழே போனால் இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து 200 மி.கி. பிறப்புறுப்பின் உள்ளே வைப்பதா, கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதா என்று உங்கள் டாக்டர் முடிவெடுப்பார். சிறுநீர் கல்ச்சரும் செய்துவிடுங்கள். எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கலாம்.

கேள்வி: 29-வது வாரத்தில் வலி வந்ததால் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் சுரப்பு) எடுத்து, ஃபைப்ரோனெக்டின் பாசிட்டிவ் என்றார்கள். உடனே பிறந்துவிடுமா?
- வாசகி, வில்லியனூர்

பாசிட்டிவ் வந்த பலருக்கு அப்படி நடப்பதில்லை. பனிக்குடப் பையைக் கர்ப்பப்பையோடு ஒட்டவைக்கும் பசைதான் ஃபைப்ரோனெக்டின். 22 முதல் 35 வாரம் வரை பிறப்புறுப்புச் சுரப்பில் இது ஒரு மி.லி.க்கு 50 நானோகிராமை எட்டக்கூடாது. ரத்தம் கலந்திருந்தாலும், முந்தைய 24 மணி நேரத்தில் உறவு கொண்டிருந்தாலும், டாக்டர் விரலால் உள்ளே சோதித்த பிறகு எடுத்தாலும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். எனவே ஸ்வாபைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இந்தச் சோதனையின் பலமே நெகட்டிவ்தான்: நெகட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்த 7 நாளில் பிரசவம் ஆகாது.

உங்களுக்குக் கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 30 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயம் குறைவு. 15 மி.மீ.க்குக் கீழே என்றால் அட்மிஷன், குழந்தையின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. பச்சிளங்குழந்தை ஐசியு உள்ள இடத்துக்கு, ஜிப்மர் போன்ற இடத்துக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்வதுதான் பத்திரம். பனிக்குட நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.