ஆட்டுக்கார அம்மாவின் பெயர் என்ன?

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியின் ஆவணப்படப் போட்டிக்கு நடுவராக இருக்கிறேன், மேடம். அரிட்டாபட்டிப் பறவைகளைப் பற்றி 20 நிமிடப் படம் ஒன்று வந்திருக்கிறது. மதிப்பெண் தாளில் 'மனிதர்களின் பன்முகத்தன்மை, பிரதிநிதித்துவம்' என்று ஒரு கட்டம், 10 மதிப்பெண். பறவைப் படத்தில் இதை எப்படிப் பார்ப்பது?

பதில்: கேட்டது நல்லதாயிற்று. பலர் அந்தக் கட்டத்தில் ஆறோ ஏழோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

எத்தனை ஆண், எத்தனை பெண் என்று தலையை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். சில வருடங்களுக்கு முன் தேவாங்கு பற்றிய மாணவர் படம் ஒன்றைப் பார்த்தேன். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் துரட்டியால் கிளையை வளைத்துப் பிடித்து, "பகல்ல இங்கனதான் சுருண்டு கெடக்கும், பொழுது சாஞ்சாத்தான் எறங்கும்" என்கிறார். ஏழு வினாடி. உடனே காட்சி மாறி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் அதையே 'இரவாடி விலங்கு' என்று இரண்டு நிமிடம் விளக்குகிறார். அவருக்குக் கீழே பெயர், பட்டம், துறை. அந்த அம்மாவுக்குக் கீழே 'கிராமவாசி'. எண்ணிக்கைப்படி ஒரு பெண், ஓர் ஆண், கணக்கு சரி. ஆனால் தேவாங்கைக் காட்டிக்கொடுத்தவர் யார்?

அதனால் படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு: யார் வேலை செய்கிறார், யார் சும்மா நடந்துபோகிறார், யார் கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த முறை செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒவ்வொருவரும் எத்தனை வினாடி பேசுகிறார், திரையில் பெயர் வருகிறதா, விளக்கம் சொல்ல விடுகிறார்களா, இல்லை வெறும் ஆச்சரியப்பட மட்டும்தானா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி மதிப்பெண்ணை நான் இதற்கே ஒதுக்குவேன். ஆஸ்கர் வாங்கிய முதுமலை யானைப் படத்தில் குட்டி யானையை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் சொந்தப் பெயரோடு சொந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பின்னணிக் குரல். 'மூடநம்பிக்கை', 'ஆக்கிரமிப்பு' போன்ற சொற்கள் யார் மேல் விழுகின்றன என்று கவனியுங்கள். அரிட்டாபட்டியில் இது ரொம்ப முக்கியம். 2022-ல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை உட்காரப் பாறை மிச்சமிருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு. ட்ரோனில் கண்மாயை அழகாகக் காட்டிவிட்டு, அதை வெட்டியவர்களையும் மடை திறப்பவர்களையும் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் குறைக்கலாம். ஆனால் படம் முழுக்க ஒரே கூட்டைப் பற்றியது, மனிதர்களே இல்லை என்றால் குறைக்காதீர்கள். 'பொருந்தாது' என்று எழுதிவிட்டு மீதி மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

சாதியை முகத்தைப் பார்த்து ஊகிக்கவே கூடாது. படம் எடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: யார் வீட்டில் தங்கினீர்கள், மலையேற யார் வழிகாட்டினார்கள், காலனிப் பக்கம் போனீர்களா? ஊர்ப் பெரியவர் திண்ணையிலேயே படப்பிடிப்பு முடிந்த கதை நிறைய உண்டு. உதவியவர்களுக்குக் கூலி கொடுத்தார்களா, முடிந்த படத்தை ஊரில் போட்டுக் காட்டினார்களா என்றும் கேளுங்கள்.

பெயர் போடாததற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். தேவாங்கையும் கழுகுக் கூட்டையும் தேடித் திருட வருகிறவர்கள் உண்டு. ஆளின் பெயர், ஊர், மரம் மூன்றையும் சேர்த்துக் காட்டினால் விலங்குக்கும் ஆபத்து, அந்த ஆளுக்கும் தொந்தரவு. "என் பேரு வேணாம்யா" என்று அவரே சொல்லியிருந்தால் மதிப்பெண் குறைக்க எதுவும் இல்லை. கேட்டார்களா என்பதுதான் விஷயம்.

தேவாங்குப் படம் எடுத்த பையனிடம் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். அவன் பக்கத்தில் நின்ற நண்பனைப் பார்த்தான். நண்பன், "ஆட்டுக்காரம்மான்னுதான் கூப்பிடுவோம் மேடம்" என்றான். மூன்று போட்டேன்.