அமெரிக்காவின் சிறிய ஊர்களில் உள்ள பழைய நூலகங்களில் ஜன்னல்கள் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன?

'கார்னகி நூலகம்' என்பது அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்தில் கட்டிய பொது நூலகம். முதல் கட்டடம் 1883-இல், அவர் பிறந்த ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில் திறக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் 2,500-க்கும் மேல் எழுந்தன. பல மிகச் சிறிய ஊர்களில்.

1911-இல் அவரது செயலர் ஜேம்ஸ் பெர்ட்ரம் ஒரு வழிகாட்டிக் குறிப்பு அனுப்பினார். பக்கச் சுவர் ஜன்னல்கள் தரையிலிருந்து சுமார் 6 அடி உயரத்தில் இருக்கட்டும் என்றது அது. அப்போதுதான் கீழே சுவர் முழுக்க இடைவெளியின்றி அலமாரி வைக்க முடியும்; வெளிச்சம் மேலிருந்து வரும். நடுவில் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்த ஒரே நூலகர் முழு அறையையும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் தர முடியாத ஊருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பேன்.

அதற்கு முன் பல நூலகங்களில் வாசகர் அலமாரியைத் தொடவே முடியாது; இங்கே அவரே புத்தகத்தை எடுக்கலாம். கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதற்கும் நாமே எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, புத்தகமும் கார்னகியே கொடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர் தந்தது கட்டடத்துக்கான பணம் மட்டும். நிலத்தை ஊர் தர வேண்டும், ஆண்டுதோறும் அந்தத் தொகையில் 10 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கவும் வேண்டும்.