டெங்கு தடுப்பூசிக்கு முன் ரத்தப் பரிசோதனை: அட்டையில் விழும் கோட்டை நம்பலாமா?

கேள்வி: கணவருக்கு ஜகார்த்தாவில் வேலை கிடைத்திருப்பதால் பத்து வயது மகளுடன் அங்கே குடிபெயர இருக்கிறோம். அங்கே டெங்கு தடுப்பூசி கிடைக்கிறதாம். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்து, தட்டணுக்கள் குறைந்து, தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்தோம், டெங்கு என்றார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகப் பிரதிநிதி, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஊசி ஆபத்து என்று சொல்லி அட்டைப் பரிசோதனை செய்தார். பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருளான ஐஜிஜி ‘நெகட்டிவ்’. இப்போது 3,500 ரூபாய்க்கு ஒரு பரிசோதனை ‘பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதி சொன்ன ஆபத்து கற்பனையல்ல. ஆனால் அது வேறொரு தடுப்பூசியைப் பற்றியது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனபின் இன்னொரு வகை தாக்கும்போதுதான் நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். டெங்வாக்ஸியா என்ற தடுப்பூசி, டெங்குவே வராத குழந்தையின் உடலில் அந்த முதல் தொற்றைப் போலவே செயல்பட்டுவிட்டது. பிலிப்பைன்ஸில் 2016-இல் தொடங்கிய பள்ளித் திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதைப் போட்ட பிறகு, 2017 நவம்பரில்தான் அதைத் தயாரித்த நிறுவனமே இதை வெளியிட்டது. முன்பு டெங்கு வராத ஆயிரம் பேருக்குப் போட்டால், ஐந்தாண்டுகளில் கூடுதலாக ஐந்து பேர் டெங்குவால் மருத்துவமனையில் சேரவேண்டி வரும் என்பது கணக்கு. அதனால்தான் 2018-இல் உலக சுகாதார நிறுவனம், முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றது. அந்தத் தடுப்பூசியின் உற்பத்தியே இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது.

ஜகார்த்தாவில் உங்கள் மகளுக்குப் போடப்போவது பெரும்பாலும் கியூடெங்கா என்ற வேறொரு தடுப்பூசியாக இருக்கும். பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தோனேசியா 2022 ஆகஸ்டில் அதற்கு அனுமதி அளித்தது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு தவணை. டெங்கு அதிகமாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுவரை உள்ளவர்களுக்கு, முன்பரிசோதனை இல்லாமலே போடலாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முன்பு டெங்கு வராதவர்களிடம் மூன்றாம், நான்காம் வகைகளுக்கு எதிராக அது பலன் தருவது உறுதிப்படவில்லை என்பதால், பழைய தொற்றுக்குச் சான்று இருந்தால் மருத்துவருக்கு உதவும். ஆனால் அந்தச் சான்றை இந்த அட்டை தராது.

காரணம் எளிது. காய்ச்சல் நேரத்தில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த அட்டைகளில் பல, இரண்டாம் முறை டெங்கு வரும்போது ஐஜிஜி வெள்ளமாகப் பெருகுமே, அந்த அளவு இருந்தால்தான் கோடு காட்டும்படி அமைக்கப்பட்டவை. எப்போதோ வந்து போன காய்ச்சலின் மிச்சம் அதன் கண்ணில் படாது. அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் சில மாதங்களிலேயே மறைந்துவிடும் என்பதால் அதைத் தேடிப் பயனில்லை. 2017-18-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 முதல் 45 வயதுவரை உள்ளவர்களிடம் ஆய்வகத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் எலிசா முறையில் ஐஜிஜி பார்த்தபோது, தென்னிந்தியாவில் 76.9 சதவீதம் பேருக்கு முன்பே டெங்கு வந்துபோன அடையாளம் இருந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அட்டை ‘நெகட்டிவ்’ என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அட்டையைத்தான்.

அப்படியானால் எலிசாவே எடுத்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் விழுப்புரம் குறுக்கே வருகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்படும் மாவட்டங்களில் உங்களுடையதும் ஒன்று; ஒன்பது மாதத்தில் ஒருமுறையும் ஒன்றரை வயதையொட்டி மறுமுறையும் போட்டிருப்பார்கள். அந்த வைரஸும் டெங்குவும் ஒரே குடும்பம் என்பதால், அந்த ஊசியால் உண்டான எதிர்ப்பொருளை டெங்கு எலிசா தன்னுடையதென்று எண்ணி ‘பாசிட்டிவ்’ சொல்லிவிடலாம். தடுப்பூசி அட்டையில் அந்த இரண்டு கட்டங்களில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எலிசா முடிவுடன் அந்தத் தடுப்பூசி அட்டையையும் சேர்த்தே எந்த மருத்துவரிடமும் காட்டவேண்டும். ஆப்பிரிக்கா போவதற்காக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டவர்களுக்கும் இதே கதைதான். இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டும் நடுநிலையாக்கல் சோதனை மிகச் சில ஆய்வகங்களில்தான் நடக்கிறது. ‘பேக்கேஜ்’ விற்பவர்களில் ஒருவர்கூட ‘மூளைக்காய்ச்சல் ஊசி போட்டீர்களா?’ என்று கேட்டு நான் கண்டதில்லை. அவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கமிஷன்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, காய்ச்சலின்போது எடுத்த, வைரஸின் புரதத்தைக் காட்டும் என்எஸ்1 அல்லது அதன் மரபணுவைக் காட்டும் பிசிஆர் அறிக்கை. அதில் ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால், இன்று எடுக்கும் எந்த எதிர்ப்பொருள் பரிசோதனையையும்விட அது வலுவானது. தட்டணு குறைந்ததைச் சான்றாக நீட்டாதீர்கள்; எத்தனையோ வைரஸ் காய்ச்சல்களில் அது குறையும். ஆனால் நம் மருத்துவமனைகள் சில அந்த என்எஸ்1 முடிவை மளிகைக் கடை ரசீது போன்ற வெப்பத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கின்றன; இரண்டு கோடையில் எழுத்து மறைந்து வெறும் தாள் மிஞ்சுகிறது. டிஸ்சார்ஜ் சுருக்கத்திலோ ‘வைரஸ் காய்ச்சல்’ என்று ஒற்றை வரி. டெங்கு என்று எழுதினால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவேண்டுமே என்ற தயக்கம் சில இடங்களில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதன் விலையை இப்போது நீங்கள் கட்டுகிறீர்கள்.

எனவே அந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு, மகளின் உள்நோயாளி எண்ணையும் சேர்த்த தேதியையும் குறிப்பிட்டு, ஆய்வக முடிவுகளின் நகல் கேட்டு இந்த வாரமே எழுத்தில் விண்ணப்பியுங்கள். காப்பீட்டில் பணம் பெற்றிருந்தால் அந்த நிறுவனத்திடமும் நகல் இருக்கக்கூடும். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். இரண்டரை ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது.