எலும்புத் தூண்டில் பதக்கத்துக்குக் கயிறு கட்டுவது: கேள்வி பதில்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கழுத்தில் அணியும் தூண்டில் முள் வடிவப் பதக்கத்துக்கு ஹெய் மட்டாவ் என்று பெயர். ஆக்லாந்தில் ஒரு மாலை வகுப்பில் எலும்பு செதுக்கக் கற்றுக்கொண்டு, இன்றும் விடாமல் செய்துவருகிறேன். பதக்கத்தின் தலைப்பக்கத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கயிறு கட்டுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, தலையில் ஒரு துளை போட்டுக் கயிற்றை நுழைத்தால் போதாதா? எதற்கு இத்தனை சுற்று?

தொங்கும், அவ்வளவுதான். பதக்கம் கழுத்தில் புரண்டுகொண்டே இருக்கும். துளையின் விளிம்பு கயிற்றைத் தேய்க்கும். மீன் பிடிக்கச் செய்த பழைய மாவோரி முட்களில் தலைப்பக்கம் பள்ளமோ குமிழோ விட்டு, அதில்தான் கயிற்றை இறுக்கினார்கள். பெரிய முட்கள் பலவற்றில் தண்டு மரம், கூர்முனை எலும்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தது கட்டுதான். அது அவிழ்ந்தால் தூண்டிலே இல்லை. நம் ஊரிலும் காதில்லாத முள்ளுக்குத் தண்டைச் சுற்றித்தானே தங்கூசி (தூண்டில் நைலான் இழை) கட்டுகிறார்கள்?

எந்த நூல் நல்லது?

அந்தக் காலத்தில் முக்கா. (நம் முக்கால் அல்ல!) ஹரக்கெக்கெ என்ற செடியின் நீண்ட இலையைச் சிப்பி ஓட்டால் வழித்து நார் எடுத்து, முழங்காலுக்குக் கீழே வைத்து உருட்டித் திரிப்பார்கள். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது மெழுகு பூசிய பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல். கட்டுக்கு 0.8 முதல் 1 மி.மீ. போதும். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். கழுத்துக் கயிற்றை நான்கு இழைப் பின்னலாகப் பின்னினால், ஒவ்வோர் இழையையும் வேண்டிய நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு வெட்டுங்கள்.

கடைசி முடிச்சு துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரிகிறது. எப்படி மறைப்பது?

முடிச்சே போடாதீர்கள். தனியாக ஒரு துண்டுத் தங்கூசியை இரண்டாக மடித்துத் தண்டின் மேல் படுக்க வையுங்கள். மடிப்புக் கண்ணி, நீங்கள் கட்டை முடிக்கப்போகும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டு நூலின் தொடக்க முனையையும் அதன் பக்கத்தில் படுக்கவைத்து, இரண்டையும் மூடி நெருக்கமாகச் சுற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனதும் 4 செ.மீ. விட்டு நூலை வெட்டிக் கண்ணிக்குள் நுழையுங்கள். பிறகு தங்கூசியின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், நூல் முனையும் சுற்றுகளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வரும். ஒட்ட நறுக்கிவிடலாம்.

முதல் சுற்றுகளை நன்றாக இறுக்கி, கடைசி மூன்றைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இல்லாவிட்டால் கண்ணி பாதியில் சிக்கிக்கொள்ளும். எனக்கு முதல் நாள் மூன்று முறை அறுந்தது.

இரண்டே வாரத்தில் என் கட்டு நழுவிவிட்டது. பசை போடலாமா?

பசைக்கு முன் பள்ளத்தைப் பாருங்கள். முழுப் பதக்கத்தையும் கண்ணாடிபோல் பளபளப்பாக்கும் ஆசையில் பள்ளத்தையும் மெருகேற்றியிருப்பீர்கள். அந்த இடத்தை 240 எண் உப்புத்தாளோடு நிறுத்தி, சொரசொரப்பாக விடுங்கள். விளிம்பை மட்டும் மழுக்குங்கள், கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். சூப்பர் குளூ கறுப்பு நூலில் வெள்ளை பூத்துவிடும், எனக்குப் பிடிக்காது. நைலான் முனையை லைட்டரில் உருக்குபவர்கள் சுடரை எலும்புக்குக் காட்டாதீர்கள், கரி பிடித்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

திமிங்கல எலும்பு வாங்கலாமா?

வேண்டாம். அனுமதியில்லாமல் நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சிக்கல். மாட்டுக் காலெலும்பு நன்றாக வரும். எலும்பின் இழை நீளவாக்கில் ஓடும். முள்ளின் மெல்லிய கழுத்து அதே போக்கில் அமையட்டும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

நான் மாவோரி இல்லை. அணியலாமா?

அணியலாம், தடையில்லை. ஆனால் பொருளை அறிந்து அணியுங்கள். பாட்டியின் தாடையெலும்பால் செய்த முள்ளைக் கொண்டு மாவுயி என்ற புராண வீரன் கடலிலிருந்து இழுத்த மீன்தான் நியூசிலாந்தின் வடக்குத் தீவு என்பது அவர்கள் கதை. கடல் பயணத்தில் காக்கும் என்றும் இதை அணிகிறார்கள். நீங்கள் செதுக்கியதை ‘மாவோரி கைவேலை’ என்று சொல்லி விற்பது மட்டும் கூடாது.

குளிக்கும்போது கழற்ற வேண்டுமா?

ஆமாம். சோப்பு எலும்பின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், மாறிமாறி நனைந்து உலர்ந்தால் வெடிப்பும் வரலாம். வறண்டு தெரிந்தால் ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவுங்கள், கட்டின் மேல் படாமல்.