வெனிஸில் ஒரே நாள்: முரானோ கண்ணாடியை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். நடுவில் ஒரு நாள் வெனிஸ். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சிறு பொருள்களும், எங்கள் வீட்டுக்கு ஒரு கலைப்பொருளும் வாங்க வேண்டும். கையில் 200 யூரோ. முரானோ கண்ணாடியில் போலி அதிகம் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலையிலேயே முரானோ தீவுக்குப் போய்விடுங்கள். சான் மார்க்கோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் தொடங்கினால் பணமும் போகும், பொழுதும் போகும். வெனிஸ் நகரம் தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் 1291இல் கண்ணாடி உலைகளை எல்லாம் இந்தத் தீவுக்கு மாற்றினார்கள். இன்றும் உலைகள் அங்கேதான். ஃபொண்டமென்டே நோவே படகுத்துறையிலிருந்து வபொரெட்டோ எனும் பொதுப் படகில் சுமார் பத்து நிமிடம். "இலவசப் படகு, கண்ணாடி ஊதுவதை இலவசமாகப் பார்க்கலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்தப் படகு நேராக ஒரு விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய் விடும். வாங்காமல் வெளியே வருவது சங்கடம். ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால், பல உலைகளை அந்த மாதத்தில் அணைத்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைக்குள் நுழையும் முன் அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். நல்ல வேலையைப் பார்த்த கண்ணுக்கு மட்டமானது தானே தெரிந்துவிடும்.

இனி போலி விஷயம். 'வெத்ரோ ஆர்ட்டிஸ்டிக்கோ முரானோ' என்ற முத்திரை, வெனெட்டோ மாநில அரசு 1994இல் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. ஒட்டுச்சீட்டில் தயாரிப்பாளரின் குறியீட்டு எண் இருக்கும். அந்த முத்திரை இருந்தால் நம்பலாம். இல்லாததெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. முத்திரைத் திட்டத்தில் சேராத நல்ல பட்டறைகளும் உண்டு. அங்கே, செய்தவர் பெயரும் முரானோவில் செய்தது என்ற வாசகமும் பில்லில் எழுதிக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்கள். 'முரானோ பாணி' என்றோ வெறும் 'மேட் இன் இத்தாலி' என்றோ போட்டிருப்பது முரானோவில் செய்ததற்கு அத்தாட்சி ஆகாது.

பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஊதிச் செய்த குவளையின் அடியில், இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்போ அதைத் தேய்த்து மழுக்கிய வட்டமோ இருக்கும். ஒரே மாதிரி ஆறு குவளைகளை வரிசையாக வைத்தால் உயரத்திலும் வாயகலத்திலும் மயிரிழை வித்தியாசம் தெரியும். அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். வண்ணக் கண்ணாடிக் கம்பியை நறுக்கிய வில்லைகளைப் பதித்துச் செய்வது முர்ரீனே. பூப்பூவாகத் தெரியும் அந்த வேலையில் எந்த இரண்டு பூவும் அச்சு அசலாக இருக்காது.

உங்கள் தொகைக்கு என் சிபாரிசு, தீச்சுடரில் உருக்கிச் செய்யும் கண்ணாடி மணிகள். பெரிய குவளைக்கு ஆசைப்பட்டு மட்டமானதை வாங்குவதைவிட, சிறியதில் முதல்தரமானதை வாங்குவது எவ்வளவோ மேல். கண்ணாடி மணி செய்யும் கலை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சில மணிகளுக்குள் தங்கத்தகடு வைத்திருப்பார்கள், அது உள்ளிருந்து மின்னும்.  சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பதக்கம், வீட்டுக்கு ஒரு சின்னக் கிண்ணம். அது போதும்.

மாலையில் திரும்பி வந்து, வெனிஸ் நகரின் டோர்சொதூரோ பகுதிப் பட்டறைகளில் முகமூடி பாருங்கள். உட்புறத்தைத் திருப்பினால் காகிதக்கூழ் அடுக்குகள் சொரசொரப்பாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் என்றால் வேண்டாம். புரானோ தீவு லேஸுக்கு இந்த முறை நேரமில்லை. ஊசியால் கையில் பின்னும் அசல் லேஸ் உங்கள் தொகைக்குள் அடங்கவும் அடங்காது. மலிவாகக் கிடைப்பது இயந்திரத்தில் செய்தது. தெருவில் பரப்பி விற்கும் போலி பிராண்டு கைப்பைகள் பக்கமே போகாதீர்கள். வாங்குபவருக்கும் இத்தாலியில் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை.

அப்புறம், கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறுவது. இந்தியாவில் வசிப்பவராகிய நீங்கள் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். ஜெர்மனியில் வசிக்கும் மகனுக்குக் கிடைக்காது, ஆகவே உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே பில் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம். கண்ணாடியைக் கைப்பையிலேயே வையுங்கள், உடையாமலும் வந்து சேரும்.