ஹைடல்பெர்க் ஆய்வகத்துக்கு வரப்போகும் தம்பிக்கு

நுரையீரல் புற்றுச் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதில் சைட்டோஸ்கெலிட்டனின், அதாவது செல்லுக்கு உருவமும் அசைவும் தரும் புரத இழைச் சட்டகத்தின் பங்கு பற்றி ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆய்வு செய்ய இடம் கிடைத்திருக்கிறது, படித்ததோ வேதியியல், சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும் தம்பி. பாடம் சில மாதத்தில் பிடிபட்டுவிடும். பழக வேண்டியது இங்கே வேலை நடக்கும் விதம்.

முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஏ549 செல்கள். 1972-இல் 58 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்தவை. செல்களின் இயல்பை மாற்றும் சமிக்ஞைப் புரதமான டிஜிஎஃப்-பீட்டா சேர்த்து இரண்டு நாள் விட்டால், தளக்கல் பதித்ததுபோல் நெருங்கி இருந்தவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீளும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடரின் புரதம் குறையும்; சட்டகத்தின் இழைப் புரதங்களில் விமென்டின் இழைகள் கூடும், ஆக்டின் தடித்த கற்றைகளாகத் திரளும். வெள்ளிக்கிழமை சேர்த்தால் ஞாயிறு ஆய்வகத்தில் தனியாக நிற்பீர்கள். செவ்வாயில் தொடங்குங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், அரிசி பருப்பைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஆக்டினுக்குச் சாயமேற்ற ஃபலாய்டின் தருவார்கள். கொடிய நச்சுக் காளானிலிருந்து வந்தது, கையுறை கட்டாயம். அதை நெடுங்காலம் ஆராய்ந்த தியோடர் வீலாண்ட் இதே ஊர் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்தவர்.

ஊடுருவலை அளக்க, 8 மைக்ரான் துளைகள் உள்ள சவ்வின் மேல், திசுவைப் போன்ற தடையாக இருக்கும் மேட்ரிஜெல் என்ற புரதக் கூழைப் பூசி, அதன்மேல் செல்களை விடுவோம். மேட்ரிஜெல் அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். குழாய் முனைகளைக்கூட முன்னதாகக் குளிரவைத்து, எல்லாவற்றையும் ஐஸ் மேல் வைத்தே வேலை செய்யுங்கள். மறுநாள் மேல்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடியில் வந்து சேர்ந்தவற்றை எண்ண வேண்டும். ஆக்டினைத் தடுக்கும் மருந்து போட்டதும் எண்ணிக்கை சரிந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் செல்கள் நகராமல் நின்றனவா, செத்தே போயினவா? அதே மருந்து போட்ட வேறொரு தட்டில் உயிரோடு இருக்கும் செல்களைக் கட்டாயம் எண்ணுங்கள்.

இந்தக் கேள்வியைக் குழுக் கூட்டத்தில் முதலாண்டு மாணவரே பேராசிரியரிடம் நேருக்கு நேர் கேட்பார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மில் பலர் மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அப்படி இருந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்றே முடிவு செய்வார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு சந்தேகமாவது கேட்டுவிடுங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் சரி.