மருந்துச் செலவும் முதியோர் காப்பீடும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோருக்காகப் பிள்ளைகள் எழுதியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு எந்தப் பாலிசி நல்லது? ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும். (கோவை)

அம்மாவின் வயது என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஏற்கெனவே பாலிசி இருக்கிறதா, ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும்? நான்கில் ஒன்றையும் எழுதாமல் பெயர் கேட்டால் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். அவசரம் என்றால் நீங்கள் போகக்கூடிய இரண்டு மருத்துவமனைகள், பார்த்துவைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இல்லாத பாலிசியின் விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: எனக்கு 70 வயது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது. மக்கள் மருந்தகத்து மாத்திரைகளை நம்பலாமா? (திருச்சி)

நம்பலாம். மத்திய அரசின் மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகங்களுக்குப் போகும் மருந்துகள் ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வருகின்றன. விலை, பிராண்டு மருந்தைவிடப் பாதி முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். தமிழக அரசும் இதேபோல் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள்.

போவதற்கு முன் சீட்டில் இருக்கும் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில், உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின், டெல்மிசார்டான், அட்டோர்வாஸ்டாட்டின் என்று எழுதியிருந்தால் கடைக்காரர் குழம்பமாட்டார். மெதுவாகக் கரையும் வகையா, சாதாரண வகையா என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு விஷயம். சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் பழைய விலையையே கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. மாத்திரை ஒன்று 60 ரூபாய் வரை விற்ற இடத்தில் இப்போது பல நிறுவனங்கள் பத்து, பதினைந்து ரூபாய்க்குத் தருகின்றன. மருத்துவர் பழைய பெயரையே பழக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் ஆகியவற்றை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். விலை குறைவு என்பதற்காகக்கூட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. பாலிசி எடுக்கும்போது "சர்க்கரை, பிரஷர் எதையும் எழுதாதீங்க, பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் சொன்னார். அப்படியே செய்தோம். இரண்டு ஆண்டு கழித்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். கிளைமை மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை. (மதுரை)

இதே கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது. ஊரும் வயதும்தான் மாறுகின்றன. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த ஏஜென்டுக்குக் கமிஷன் வந்துவிட்டது. மூன்று, நான்கு லட்ச ரூபாய்க் கடன் உங்கள் தலையில்.

மறைப்பதால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? சர்க்கரை இருப்பதைச் சொல்லி எடுத்தால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம். அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. முன்பு நான்காக இருந்ததை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் மூன்றாகக் குறைத்தது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதையும் சுருக்கித் தரும் பாலிசிகள் இருக்கின்றன. மறைத்து எடுத்தால்? விடாமல் ஐந்து ஆண்டு கட்டிய பிறகுதான், சொல்லாமல் விட்டதைக் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு வருகிறது. மோசடி என்று நிரூபித்துவிட்டால் அதுவும் இல்லை. ஆக, சொன்னவர் மூன்று ஆண்டு காத்திருக்கிறார். மறைத்தவர் ஐந்து ஆண்டு பயந்துகொண்டிருக்கிறார், முழு பிரீமியத்தையும் கட்டிக்கொண்டே. மருத்துவமனையில் சேர்ந்ததும் முதல் நாளே "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிவிடுகிறார்கள். எங்கே மறைப்பது?

சரி, இனி செய்ய வேண்டியது. மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாலிசி கேட்டு நோய் விவரம் எழுதிக் கொடுத்த ப்ரொபோசல் படிவத்தின் நகலையும், பாலிசி எடுக்கும்போது நிறுவனம் போனில் பேசியிருந்தால் அந்த ஒலிப்பதிவையும் கேளுங்கள். படிவத்தை ஏஜென்டே நிரப்பினார் என்றால், கையெழுத்து, வாட்ஸாப் செய்தி என்று எது இருந்தாலும் சேர்த்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். ஆனால் படிவத்தில் கையெழுத்து உங்கள் அப்பாவுடையது. வழி கடினம்தான், பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் பெற்றோரின் பாலிசியோடு வந்த ப்ரொபோசல் நகலை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நோய் இருக்கும் இடத்தில் "இல்லை" என்று இருந்தால், கிளைம் வருவதற்கு முன் நீங்களாகவே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். காத்திருப்புக் காலமோ கூடுதல் பிரீமியமோ போடலாம். பாலிசியைத் தொடர மறுக்கவும் கூடும். அப்படியானாலும் அது இப்போதே தெரிவது, ஐசியூ வாசலில் தெரிவதைவிட மேல். புதிதாக எடுத்தவர்களுக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் பாலிசியைத் திருப்பித் தரும் உரிமையும் உண்டு.

கேள்வி: பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்கிறார் ஏஜென்ட். உண்மையா? (சேலம்)

இல்லை. தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. ரசீதைப் பார்த்துக் கட்டுங்கள்.

கேள்வி: 5 லட்சம் பாலிசி. அறை வாடகை நாளுக்கு 5,000 வரை. 10,000 ரூபாய் அறை எடுத்தோம். வாடகையில் மட்டும் குறைப்பார்கள் என்று நினைத்தால், மொத்த பில்லிலும் பாதியை வெட்டிவிட்டார்கள்! (சென்னை)

பாலிசியில் எழுதியிருப்பதுதான், படிக்காமல் விட்டீர்கள். அறை உயர்ந்தால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் எல்லாம் உயர்கிறது. ஆகவே அவற்றையும் அதே விகிதத்தில் குறைக்கிறார்கள். ஆனால் மருந்து, உடலில் பொருத்தும் கருவி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இவற்றிலும் ஐசியூ கட்டணத்திலும் அப்படி வெட்டக் கூடாது. மொத்த பில்லிலும் பாதி என்று எழுதியிருக்கிறீர்களே, கணக்கை வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். இவற்றிலும் வெட்டியிருந்தால் மீதியைக் கேட்டு எழுதுங்கள், கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: அம்மா அப்பாவுக்கு பிரீமியம் 28,000-லிருந்து ஒரே தாவலில் 41,000. பாலிசியை விட்டுவிடலாமா? (திருநெல்வேலி)

விடாதீர்கள். 60 தாண்டியவர்களுக்கு ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டும் என்றால், நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைத்தால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். காத்திருந்த ஆண்டுகள் கூடவே வரும். ஆனால் காப்புத் தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். புது நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். எனவே புதியது கைக்கு வரும்வரை பழையதை விடவே கூடாது. இங்கேயும் எல்லா நோயையும் எழுதுங்கள், நகல் வாங்கி வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72. பாலிசி எதுவும் இல்லை. வழி இருக்கிறதா? (விழுப்புரம்)

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் அதன் மையத்துக்குப் போங்கள். வருமானம் அதற்கு மேல் என்றால், 70 தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் அறிமுகமானது. ஆதார்தான் முக்கிய ஆவணம். எந்த மருத்துவமனை ஏற்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 74. செலவை மிச்சம் பிடிக்க பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார். எங்களிடம் சொல்லவே இல்லை, அட்டையில் மாத்திரை மிஞ்சியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. (தஞ்சாவூர்)

அட்டையைப் பார்த்தீர்களே, நல்லது. திட்டாதீர்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதான் பல பெரியவர்கள் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் பிரஷர் இப்படி ஏறி இறங்கினால் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அப்புறம், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மருத்துவர் எழுதிய சீட்டுகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது சாதாரணம். எதை நிறுத்தலாம் என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பெற்றோரின் மருந்து பில்லுக்கு வரிச்சலுகை உண்டா? (ஈரோடு)

உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். பெற்றோர் 60 தாண்டியிருந்து, அவர்களுக்குக் காப்பீடு எதுவும் இல்லை என்றால், மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது. கார்டிலோ யுபிஐயிலோ கட்டி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.